சுமையின் மறுபக்கம்

மத்திய அரசுப் பணியில் இருப்போர்க்கு இடமாற்ற உத்தரவு புதிதன்று. நானும் மூன்று முறை பெட்டி கட்டியவன். ஒவ்வொரு முறையும் பாத்திரம் பண்டங்கள் உடன் வந்தன. புத்தகங்கள் மட்டும் ஊரில் பரண்மேல் தங்கிவிட்டன. 'நூல்கள் கைவசம் இன்றி என்ன எழுதுவது?' என்று சொல்லிச் சொல்லியே பல்லாண்டுகளைக் கழித்துவிட்டேன். அந்தச் சாக்கை என்னிடமிருந்து பறித்தவர், 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நீதிபதி.

அவர் பெயர் இப்னு ருஷ்து. 1126-இல் ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரில் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையாரும் அந்நகரில் காஜிகளாக விளங்கியவர்கள். 1169-இல் செவில் நகரின் காஜியாக அவர் அமர்த்தப்பெற்றார். அங்கிருந்து விலங்குகளைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூலுக்கு உரை வரைந்தபோது, அலுவற் சுமையையும், தம் நூல்கள் கார்டோபாவிலேயே இருந்துவிட்டதையும் குறிப்பிட்டுப் பிழை பொறுக்குமாறு வேண்டுகிறார். வேண்டினாரே அன்றி, எழுதுவதை நிறுத்தினாரல்லர்.

அறிவாராய்ச்சியும் சமயமும் பகைக்க வேண்டுவதில்லை. உண்மை உண்மைக்கு முரணாகாது என்பது அவர் கொள்கை. மெய்யியலாரைக் கண்டித்து இமாம் கஸ்ஸாலி இயற்றிய நூலுக்கு மறுப்பெழுதியபோதும், கஸ்ஸாலியின் கூற்றை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே விடை பகர்ந்தார். பிறர் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கும் நம் உரையாசிரியர்களின் நேர்மை நினைவுக்கு வருகிறது.

1195-இல் அவர் அரசரின் சினத்துக்கு ஆளாகி லூசெனா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பெற்றார். அவருடைய மெய்யியல் நூல்கள் தீக்கிரையாயின. பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. ஆயினும் 1198-இல் மராக்கெஷ் நகரில் காலமானார்.

எரித்தவர்களால் அவரை அழிக்க முடிந்ததா? யூத அறிஞர் எபிரேயத்திலும், கிறித்தவ அறிஞர் இலத்தீனிலும் பெயர்த்து அவர் நூல்களைக் காத்தனர். அவருடன் கடுமையாக வாதிட்ட தாமஸ் அக்குவினாஸும் 'உரையாசிரியர்' என்றே அவரைச் சுட்டினார். பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு அவர் வரைந்த உரையின் அரபு மூலம் மறைந்துவிட்டது. எபிரேய மொழிபெயர்ப்பால் அது வாழ்கிறது. பெண்டிரின் ஆற்றலைப் பயன்கொள்ளாமையே நாட்டு வறுமைக்கு ஒரு காரணம் என அன்றே அதில் எழுதியுள்ளார்.

அவர் உடலைக் கார்டோபாவுக்குக் கொண்டு சென்ற காட்சியை இப்னு அரபி என்னும் ஞானி நேரிற் கண்டு பதிந்துள்ளார். பொதிவிலங்கின் ஒருபுறம் சவப்பெட்டி; நிறை ஒத்திருக்க மறுபுறம் அவர் எழுதிய நூல்கள்!

என் சுமையின் மறுபக்கத்தில் வைக்க என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அன்றிரவே பேனாவை எடுத்தேன். இக்கட்டுரையும் பரண்மேல் உள்ள நூல்களின் துணையின்றி எழுதியதே. பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.