எட்டடித் தொட்டி

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் நண்பரிடம், சுறா வளர்க்கிற வீடு ஏதாவது காட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். "வீட்டுக்காரங்க பார்க்க மட்டும்தான் செய்வாங்க. வளர்க்கிறது வேற ஆளு" என்று சொல்லி, தொட்டி பராமரிப்பு வேலை பார்க்கிற ஒருவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

நண்பரின் கடையிலேயே நாலைந்து விதமான 'ஷார்க்' உண்டு. நன்னீரில் விற்கும் அவை எதுவுமே சுறா இல்லை. ஒன்று கெளுத்தி வகை, மற்றவை கெண்டைக் குடும்பம். முதுகுத் துடுப்பு கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் போதும், வியாபாரத்தில் சுறாவாகிவிடலாம். நான் பார்க்கப் போனது அசல் சுறா. கடைக்காரர்கள் பாம்பூ ஷார்க் என்கிற மூங்கில் சுறா.

அண்ணா நகரில் ஒரு வீட்டின் கூடத்தில், சுவரோடு சுவராக எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் தொட்டி. ஏறத்தாழ 1,700 லிட்டர். அதன் அடியில் மாவு போன்ற மணலில், இரண்டடி நீளத்தில் சாம்பல் நிறமாகப் படுத்திருந்தது அது. நீந்துவதை நிறுத்தினால் சுறா மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று நாம் படித்தது இதற்குப் பொருந்தாது. இது படுத்த இடத்திலேயே வாயால் நீரை உறிஞ்சிச் செவுள் வழியாக வெளியேற்றும். பகலெல்லாம் அப்படித்தான் கிடக்கும், இரவில்தான் நடமாட்டம். பெரிய செலவு செய்து வாங்கிய மீன் விருந்தாளி வரும்போதெல்லாம் தூங்குகிறது என்பது வீட்டுக்காரரின் மனக்குறை.

பராமரிப்பவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. வந்ததும் தொட்டிக்குள் கையை விடவில்லை, டெஸ்டரை எடுத்து பம்புகளைச் சோதித்தார். "நமக்கு ஷாக் அடிக்கிறது அப்புறம் சார். இதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும்." சுறாவின் மூக்கைச் சுற்றி ஊசித் துளைகள் போல நிறைய உண்டு. மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டின் தசை அசைவில் எழும் மின்சாரத்தைக்கூட அவற்றால் உணர முடியும். பம்பில் லேசான கசிவு இருந்தாலும் அது இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கிவிடும் என்றார்.

பிறகு உப்பு. மெரினா நீரை அள்ளி வந்து ஊற்றலாகாதா என்று கேட்டேன். கரையோர நீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது என்பதால், ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கரைக்கிறார். லிட்டருக்கு 35 கிராம். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றவே ஆறு கிலோ உப்பு வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று சின்னக் குப்பிகளில் நிறம் மாற்றிக் காட்டினார். எனக்குப் புரிந்ததெல்லாம், சுறா நிறையத் தின்று நிறையக் கழிப்பதால் வடிகட்டி இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான்.

ஆனால் அந்த இடுக்கியை மறக்க முடியாது. ஒரு முழத்துக்கும் மேல் நீளமான பிளாஸ்டிக் இடுக்கி. உப்புநீரில் துருப்பிடிக்கும் என்பதால் இரும்பு கூடாதாம். கணவாய்த் துண்டைக் கத்தியால் கீறி, உள்ளே ஒரு வைட்டமின் மாத்திரையைச் செருகினார். அதில் அயோடின் உண்டு. அது கிடைக்காவிட்டால் சுறாவுக்கும் நம்மைப் போலவே முன்கழுத்துக் கழலை வரும். துண்டைப் பிடித்து, வாய்க்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். சுறா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கருகே தொங்கும் இரண்டு மீசைகளும் மணலைத் தடவின. உடம்பை வளைத்து, துடுப்புகளை ஊன்றித் தவழ்ந்து வந்தது. துண்டு 'சளுக்'கென்று உள்ளே போனது. கடித்ததாகத் தெரியவில்லை, உறிஞ்சியது போலத்தான் இருந்தது. மாத்திரையை மட்டும் துப்பிவிடுகிறதா என்று அவர் கால் மணி நேரம் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் மண்டபம் பக்கம் வேதாளை. அப்பா மூச்சடக்கி மூழ்கிக் கடல் அட்டை எடுத்தவர். 2001 ஜூலையில் ஒன்றிய அரசு கடல் அட்டை, கடல் குதிரையோடு சுறா, திருக்கை அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் சுறா, திருக்கைப் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. அட்டைக்கு விலக்கு கிடைக்கவில்லை. "அட்டைதான் எங்களுக்குச் சோறு. அது போனதும் அப்பா வண்ணமீன் பிடிச்சாரு. நண்டு வலையில இந்தச் சுறாவும் ஏறும். உசுரு கெட்டி, கரைக்கு வந்தும் துள்ளும். குட்டியா இருந்தா உடம்புல பட்டை இருக்கும், அழகா இருக்கும். ஏஜென்ட் அதுக்குன்னே வருவான்."

அந்த ஏஜென்ட் கணக்கைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். வழியில் செத்த மீனுக்குக் காசு கிடையாது. அந்த நட்டம் மூழ்கி எடுத்தவர் தலையில். உயிரோடு வந்ததன் லாபம் ஏஜென்ட், மொத்த வியாபாரி, கடை என்று மற்ற எல்லோருக்கும். பவளப் பாறையில் உடம்பைக் கிழித்துக்கொண்டவர், சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கக்கூட வழியில்லை. வாங்குகிறவரிடமும் பொய்தான். பட்டை போட்ட ஆறு அங்குலக் குட்டியைக் காட்டி, "ஒரு அடிக்கு மேல வளராது" என்பார்கள். பட்டைகள் மறைந்து இரண்டரை அடிவரை வளரும் மீனை நாலடித் தொட்டியில் விட்டால், திரும்ப இடமில்லாமல் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். வெள்ளைப்புள்ளி நோய் வந்ததும் கடையில் கொடுத்த செம்பு மருந்தை ஊற்றி, சுறாவைக் கொன்ற வீட்டையும் இவர் பார்த்திருக்கிறார். மற்ற மீன்கள் தாங்கும் செம்பைச் சுறா தாங்காது.

இந்த வீட்டுச் சுறா பெட்டை. ஆண் துணை இல்லாமலே அவ்வப்போது இரண்டிரண்டாக முட்டை இடுகிறது. தோல் பை போன்ற ஒரு பழுப்புக் கூட்டை எடுத்து, பின்னால் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தார். உள்ளே மஞ்சள் உருண்டை, வேறொன்றுமில்லை. கரு இருந்தால் வால் துடிப்பது தெரியுமாம். ஆனாலும் உடனே எறிவதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மீன் காட்சியகத்தில் 2002-ல், ஆணே இல்லாத தொட்டியில் மூங்கில் சுறா இட்ட முட்டை பொரிந்தது என்று படித்ததைச் சொன்னேன். "யூடியூபில் பார்த்தேன் சார். அதான் வச்சிருக்கேன்."

கிளம்பும்போது ஒரு ஏஜென்ட் அழைத்தார். புதிய வாடிக்கையாளர், சுறாக்குட்டி கேட்கிறார், தொட்டி வேலையை இவருக்கே தருவாராம், கமிஷனும் உண்டாம்.

"அண்ணே, தொட்டி எத்தனை அடி?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, "நாலடிக்கு கோமாளி மீன் விடச் சொல்லுங்கண்ணே. சுறான்னா நான் வரல" என்று வைத்துவிட்டு, வாளிகளை வண்டியில் மாட்டினார். முகப்பேரில் இன்னும் இரண்டு தொட்டிகள் பாக்கி.