“எங்கம்மா வேலை நேரத்துல போன் எடுக்காது!” - விஸ்வநத்தத்தில் வளர்ந்தவளின் நினைவுகள்

சென்னைக்குப் படிக்க வந்த புதிதில் ஹாஸ்டலில் யாராவது ஊர் கேட்டால், சிவகாசி என்றுதான் சொல்வேன். விஸ்வநத்தம் என்றால் யாருக்கும் தெரியாது. சிவகாசி என்றதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “அப்போ உங்களுக்கெல்லாம் பட்டாசு ஃப்ரீயா?”

சிவகாசியை ஒட்டியே இருக்கிற ஊர் எங்களுடையது. சிவகாசி எங்கே முடிகிறது, விஸ்வநத்தம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எங்கள் பக்கம் ஃபேக்டரி, கம்பெனி என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். எல்லாமே ஆபீஸ்தான். பட்டாசு செய்தால் பயர் ஆபீஸ், தீப்பெட்டி செய்தால் தீப்பெட்டி ஆபீஸ், காலண்டர் அடித்தால் அச்சாபீஸ். மூன்றாம் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்த ஒரு டீச்சர், “அப்பா, அம்மா என்ன பண்றாங்க?” என்று வரிசையாகக் கேட்டார். மொத்த வகுப்பும் “ஆபீஸ் போறாங்க டீச்சர்” என்றது. பாவம், அவர் எங்களை வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று ரெண்டு நாள் நம்பியிருந்தார்.

அப்பாவுக்கு அச்சாபீஸ். ஆடிப்பெருக்கு முடிந்தால் காலண்டர் வேலை சூடு பிடித்துவிடும், அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆனால், ஜூன் மாதம் மட்டும் நான் அவருக்காக வாசலிலேயே நிற்பேன். கலர் சரியாக உட்காராமல் கழித்துப்போட்ட தாள்களைக் கொண்டுவருவார். என் நோட்டுகளுக்கு அதுதான் அட்டை. மஞ்சள் ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் விலகிப்போய், முருகனுக்கு ரெண்டு மூக்கு இருக்கும், லட்சுமியின் காசுகள் கைக்கு வெளியே அந்தரத்தில் கொட்டும். காசு கொடுத்து பிரவுன் அட்டை வாங்கிப் போட்டு வருகிறவர்களைப் பார்த்து நாங்கள்தான் பரிதாபப்படுவோம்.

அம்மாவுக்கு பயர் ஆபீஸ். சரம் பின்னுகிற வேலை. மற்ற ஊர்களில் அம்மாக்கள் பூத்தொடுப்பதுபோல, எங்கள் அம்மாக்கள் வெடிகளைத் திரியோடு சேர்த்துப் பின்னுவார்கள். எத்தனை பின்னினோமோ அத்தனைக்குத்தான் கூலி. அதனால் காலையில் வேன் வரும்போது ஓடிப்போய் ஏறுகிற வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்திதான் கட்ட வேண்டும். செல்போன் உள்ளே போகக் கூடாது. ‘அம்மா போன் எடுக்கவில்லை’ என்பதற்காக அழுத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. எடுக்காதுதான். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது சில சித்திகளின் காது மடலில், கழுத்து மடிப்பில் வெள்ளிப் பொடி மினுங்கும். அலுமினியப் பவுடர் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது அது எனக்கு அழகாகத் தெரிந்தது.

மழை எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. வானம் கறுத்தால் எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டம். அம்மா வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருக்கும். இடி இடித்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். வெயில் இல்லையென்றால் மருந்து காயாது, காயவில்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சனிக்கிழமை கையில் வருவது குறையும். அந்தச் சனிக்கிழமை காராச்சேவுப் பொட்டலமும் சின்னதாகத்தான் வரும். ‘நல்ல வெயில்’ என்று வாய் நிறையச் சொல்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் அம்மா என்னை அடித்தது ஒரே ஒரு முறை. தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் பொறுக்கினால் வெடிக்காத வெடி ஒரு கை கிடைக்கும். அதைப் பிரித்து, மருந்தை பேப்பரில் கொட்டி, மடித்துக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரியும். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்கிற வேலைதான். நானும் தம்பியும் கொல்லையில் அதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டது. விளக்குமாற்றால் விழுந்த அடி இன்றும் ஞாபகம் இருக்கிறது. அடித்துவிட்டு அதுவே உட்கார்ந்து அழுதது. எதற்கு அழுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2012, செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். நான் ஏழாம் வகுப்பு. டீச்சருக்கு வாங்கிய பேனாவைக் கொடுத்த சந்தோஷத்தில் இருந்தோம். மதியம் தூரத்தில் சத்தம். ஒன்றல்ல, விடாமல் அடுத்தடுத்து. ஜன்னல் வழியாகப் பார்த்தால் புகை மேலே எழுகிறது. எந்த ஆபீஸ் என்று தெரியாத அந்த நேரத்தில், வகுப்பில் யாருமே பேசவில்லை. முதலிப்பட்டி என்று பெயர் வந்த பிறகுதான் சிலருக்கு மூச்சு வந்தது, சிலருக்குப் போனது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போனவர்கள். அன்று ராத்திரி அம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது, “சத்தம் கேட்டா, அம்மா அங்க இருக்கேன்னு தெரிஞ்சாலும், அந்தப் பக்கம் ஓடி வரக் கூடாது. வீட்டுலயே இருக்கணும்.” தம்பி தலையாட்டினான். நான் ஆட்டவில்லை.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றது. அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்பே பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகுமாம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் வேலை. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் என் அம்மாவுக்கு கல்யாணமே ஆகிவிட்டது.

டிப்ளமோ படிக்கும்போது, பத்திரிகை வரலாற்று வகுப்பில் 1888-ல் நடந்த லண்டன் தீப்பெட்டிப் பெண்களின் ஸ்டிரைக் பற்றிச் சொன்னார்கள். கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களிலிருந்து வேலைக்குப் போன சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். பேசினால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம், பாஸ்பரஸ் விஷத்தால் தாடை எலும்பு அழுகும் நோய். இதைத் தன் பத்திரிகையில் எழுதி ஊருக்குச் சொன்னவர் அன்னி பெசன்ட். நம் பெசன்ட் நகர் பெசன்ட்தான்! பஸ்ஸில் எத்தனை முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் என் அம்மா அடுக்கிய கட்டைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று யார் நினைத்தது?

நான் சென்னையில் இருந்தபோதுதான், 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015-ல் போடப்பட்ட வழக்கு அது. அம்மாவின் கைவேலையே சரம் பின்னுவதுதானே. தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த டெர்ம் ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மூச்சு விட முடியாத குழந்தைகள்மீது எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகவே வரவில்லை. ஆனால், கம்மல் இல்லாத காதில் துடைப்பக்குச்சி செருகிக்கொண்டு வீடியோ காலில் சிரித்த முகத்தையும் மறக்க முடியவில்லை.

இப்போது அம்மா வேறு ஆபீஸில், லேபிள் ஒட்டும் பிரிவில். நான் டிஜிட்டல் டெஸ்க்கில். ‘சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து’ என்று ஃபிளாஷ் வந்தால், அதை முதலில் அடிக்க வேண்டியது ஷிஃப்டில் இருப்பவர்தான். போன வருஷம் ஒருநாள் ஷிஃப்டில் இருந்தது நான். எந்த இடம் என்று அதில் இல்லை. ஒரு கையால் தலைப்பு, மறு கையால் அம்மாவுக்கு போன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எடுக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பதினொரு முறை அடித்தேன். அதற்குள் எடிட்டர், “தலைப்பு இன்னும் கொஞ்சம் பதற வைக்கணும்” என்றார். “இதுக்கு மேல பதற முடியாது சார்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்.

விபத்து நடந்தது வேறு ஆபீஸில் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் மாலை ஐந்தே முக்கால் வரை நான் எழுதிய எந்தச் செய்தியிலும் என் மனசு இல்லை. வேன் இறங்கியதும் அம்மா கூப்பிட்டது.

“என்ன பாப்பா, பதினோரு வாட்டி அடிச்சிருக்க? காசு கீசு வேணுமா?”

“இல்லம்மா, சும்மாதான்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது, “நீ மதியம் சாப்பிட்டியா, இல்லியா?”