முதல் நேர்காணல்

இராமேசுவரம் வருவோரால் வாழும் ஊர். கங்கை நீரைச் சுமந்து காசியிலிருந்து கால்நடையாக வந்த யாத்திரிகர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்களை அமைத்தார்கள். 1914இல் பாம்பன் கடலின் மீது தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. 1988இல் சாலைப் பாலமும் வந்தது. வருவோர் தொகை பெருகப் பெருகத் தங்கும் விடுதிகளும் பெருகின. அவ்விடுதிகளில் இன்று நம் கடற்கரைப் பிள்ளைகள் வேலை தேடுகிறார்கள்.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்ற மாணவி ஒருத்தி, திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் உள்ள மாநில உணவக மேலாண்மை நிறுவனத்தில் பட்டயம் பெற்றாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், விடுதி ஒன்றின் வரவேற்பாளர் பணிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அவள் தந்தை விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குச் செல்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நின்றது. "இந்த வேலை கிடைத்தாக வேண்டும், ஐயா" என்றாள்.

அவள் கையில் ஒரு குறிப்பேடு. அதில் ஆங்கில வினாக்களும் மனப்பாடம் செய்த விடைகளும் நிறைந்திருந்தன. அதை மூடி வைக்கச் சொல்லி, நான் ஒன்று கேட்டேன்.

"விடியற்காலை நான்கு மணி. வடநாட்டு முதிய தம்பதியர் உன் முன் வந்து நிற்கிறார்கள். அறை நண்பகலில்தான் ஒழியும். என்ன சொல்வாய்?"

"அறை இல்லை என்பேன்."

"சொல்லிவிட்டு?"

சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "அவர்களை உட்காரவைத்துப் பெட்டிகளை வாங்கி வைப்பேன். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில்தான். முதலில் அதற்குப் போகச் சொல்வேன். பிறகு அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் உள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடலாம். ஈர உடையுடன் சன்னதிக்குப் போக முடியாது. மாற்றுடை எடுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். அவர்கள் திரும்புவதற்குள் அறை ஒழிந்துவிடும், ஐயா."

இந்த விடை எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. அவள் பிறந்து வளர்ந்த ஊர் அவளுக்குக் கொடுத்தது அது.

அடுத்து வந்த நாள்களில் முறையாக ஆயத்தமானாள். வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறுதல் என்னும் நான்கு பிரிவுகளின் பணிகளைச் சொந்தச் சொற்களில் சொல்லிப் பழகினாள். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைத் திருப்பிப் பார்த்தாள். சான்றிதழ்களை வரிசைப்படுத்தினாள். தெரியாத வினாவுக்குத் "தெரியவில்லை; கேட்டறிந்து சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லவும் பழகினாள்.

வீட்டில் ஒரு தடை இருந்தது. "படித்த பிள்ளை ஊரார் எச்சில் தட்டை எடுப்பதா?" என்றார் தந்தை. "பயிற்சியில் அதையும் செய்தேன், அப்பா. நம் வீட்டுக்கு வந்தவர் உண்ட இலையை அம்மா எடுக்கும்போது அதை நாம் இழிவென்று சொன்னோமா?" என்றாள் மகள். வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துப் போற்றிய பண்பு விருந்தோம்பல். தந்தை மறுமொழி கூறவில்லை. நேர்காணலன்று பேருந்து நிறுத்தம்வரை உடன் நடந்தார்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்தி சரளமாகப் பேசிய வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவளுக்கு அவள் ஊர்க்காரர் ஒருவரை நினைவூட்டினேன். 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், விமானப்படையில் சேர டேராடூனில் நடந்த தேர்வில் இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்துக்கொள்ளப்பட்டவர் எண்மர். அந்த ஏமாற்றத்தை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். தில்லியில் அவர் சந்தித்த மற்றொரு நேர்காணல், 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் அவரைச் சேர்த்தது.

மாணவி அழுதுகொண்டிருக்கவில்லை. கோயில் வீதியில் அவள் அத்தை சங்கும் சிப்பி மாலையும் விற்கிறார். பள்ளிக்குச் செல்லாமலே யாத்திரிகர்களிடம் இந்தி கற்றவர். தடைக்காலம் முடியும்வரை அவள் அக்கடையில் அமர்ந்தாள். விலை சொன்னாள், வழி சொன்னாள், பிழையாகப் பேசினாள், திருத்திக்கொண்டாள். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன் வேறொரு விடுதி அவளைப் பயிற்சிப் பணியாளராக எடுத்துக்கொண்டது. ஊதியம் சிறிதுதான், ஆனால், மறு ஆண்டுத் தடைக்காலத்தில் அவ்வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது.

மாணவர்களே, நாளை நீங்களும் ஒரு மேசையின் முன் அமர்வீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் மனப்பாடத்தை அளக்க வந்தவர் அல்லர். அறியாத ஒருவர் தம் தேவையோடு வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையே அறிய விரும்புகிறார். அதற்கான விடையை உங்கள் ஊரிலும் வீட்டிலும் தேடத் தொடங்குங்கள். கிடைக்காதபோது, எது குறைந்தது என்று கேட்டு அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.