மலையின்மேல் மூச்சுத் திணறும் பசு



ஒரே உபத்திரவத்தை இருவர் சந்திக்கையில் ஒருவர் நிலைநிற்கிறார், மற்றவர் சோர்ந்து விழுகிறார். விழுந்தவரைக் குறித்து, "அவருக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். என் ஊழிய நாட்களில் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், மலைநாட்டுக் கால்நடைகளைப் பற்றி வாசித்த ஒரு காரியம் என் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், 2,000 மீட்டருக்கும் மேலான மேய்ச்சல் நிலங்களில், சில பசுக்கள் முன்மார்பு வீங்கி, மூச்சுத் திணறி மடிகின்றன. அதே புல்லை மேயும் மற்றப் பசுக்கள் நலமாயிருக்கின்றன. நுரையீரலின் ஒரு பகுதியில் பிராணவாயு குறைந்தால், அங்குள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். சமவெளியில் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. உயரத்திலோ நுரையீரல் முழுவதும் பிராணவாயு குறைவு. ஆகவே குழாய்கள் எங்கும் சுருங்குகின்றன. நாளடைவில் அவற்றின் சுவர்கள் தடிக்கின்றன. அந்த நெருக்கத்தினூடே இரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இருதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகிறது. சமவெளியில் காத்த ஏற்பாடே மலையின்மேல் கொல்லுகிறது.

திபெத்திலும் லடாக்கிலும் வாழும் யாக் எருதுக்கு நுரையீரல் குழாய்களின் சுவர் மெல்லியது. அவை அவ்வளவாகச் சுருங்குவதில்லை. லடாக்கில் யாக், பசு, அவற்றின் கலப்பினமான ஸோ ஆகியவற்றை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். யாக்கின் இத்தன்மை ஸோவிடமும் காணப்பட்டது. அது தாய் தகப்பன்வழி வந்த சுதந்தரம். கொலராடோவின் பசுக்களிலும் நோய்க்கு எளிதில் ஆளாகும் இயல்பு வம்சவழியாக வருகிறது. ஆகவே யாக் மேன்மைபாராட்ட இடமில்லை. விழுந்த பசுவை நிந்திக்கவும் இடமில்லை. அந்த யாக்கும் சமவெளியின் வெப்பத்தில் வாடிப்போகும்.

நோயுற்ற பசுவை, "யாக்கைப்போல இரு" என்று எந்த மேய்ப்பனும் அதட்டுவதில்லை. அதை விரட்டாமல், மெதுவாகத் தாழ்நிலத்துக்கு இறக்கிக் கொண்டுவருகிறான். காலதாமதமின்றி இறக்கப்பட்டவற்றில் பல பிழைக்கின்றன.

பிரியமானவர்களே, நம் நடுவிலும் மூச்சுத் திணறும் ஒருவர் இருக்கக்கூடும். நமக்கு இலகுவாயிருக்கும் உயரம் அவருக்குத் தாங்கக்கூடாததாயிருக்கலாம். இந்த வாரம் அவருக்குப் புத்திசொல்லப் போகுமுன், அவரை இறக்கிக் கொண்டுவர வழியுண்டா என்று பார்ப்போம். ஒவ்வொருவரின் உருவையும் அறிந்தவர் அதற்கான பொறுமையை நமக்குத் தருவாராக.