வீரனின் ஊசி அட்டை

எங்கள் வீட்டு நாய் வீரனுக்கு வயது பன்னிரண்டைக் கடந்துவிட்டது. 2013ஆம் ஆண்டின் இறுதி மழையில், பள்ளியின் பின்புறக் கால்வாயோரம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் காவலர் தூக்கிவந்து என் மேசையருகே விட்டார். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அன்று மாலைவரை எண்ணிக்கொண்டிருந்தேன். மாலையில் அது என் காரில் ஏறிக்கொண்டது.

அன்றுமுதல் நகராண்மைக் கழகத்தில் உரிமம் புதுப்பிப்பதும், கால்நடை மருத்துவரிடம் ஊசி போடுவதும் ஆண்டுதோறும் தவறாத கடமைகளாயின. அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. ஆண்டு முடிந்தால் ஊசி, அவ்வளவே.

ஒன்பதாம் வயதில் ஊசி போட்டுத் திரும்பிய அரை மணி நேரத்தில் வீரனின் முகம் வீங்கியது. கண்கள் கோடுகளாய்ச் சுருங்கின. இருமுறை வாந்தியெடுத்தது. மீண்டும் மருத்துவமனைக்கு ஓடினோம். மாற்று மருந்து செலுத்தியபின் இரவுக்குள் வீக்கம் வடிந்தது. ஆயின் என் உள்ளத்து அச்சம் வடியவில்லை. மறு ஆண்டு வந்த நினைவூட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே. "கிழட்டு நாய்க்கு இனி ஊசி எதற்கு ஐயா? உடம்பில்தான் ஊறிப் போயிருக்குமே" என்று அண்டை வீட்டு நண்பர் சொன்னது எனக்கு இதமாக இருந்தது. என் துணைவியார் மட்டும், "நீங்கள் பயப்படுகிறீர்கள், அதன் வயதைச் சாக்குச் சொல்லாதீர்கள்" என்றார்.

ஊசியின்மேல் எனக்கு வெறுப்பில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் காலத்தில் லயத்து நாய்களுக்கு ஊசி ஏது? ஒரு பருவத்தில் டிஸ்டெம்பர் நோய் வந்தால் வரிசை வரிசையாக நாய்கள் விழும். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும். பிழைத்தவற்றுக்கும் கால் துடித்துக்கொண்டேயிருக்கும். என் தந்தையார் வளர்த்த நாய் படுத்த இடத்தில் ஒன்றுமில்லாததை மென்றுகொண்டே மூன்று நாள் கிடந்து இறந்தது. அதைக் கண்டவன் தடுப்பூசியைப் பழிக்க மாட்டான்.

சென்ற மழைக்காலத்தில் அதே அண்டை வீட்டு நண்பரின் நாய் மஞ்சள் பூத்து, சிறுநீர் கட்டி, நான்கே நாளில் மாண்டது. மலாயில் 'கென்சிங் தீகுஸ்' எனப்படும் எலிச் சிறுநீர் நோய். எலியின் சிறுநீரில் வெளிப்படும் கிருமி தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடிருந்து, தோலின் சிறு கீறல் வழியே உடம்புக்குள் புகுந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நோயுற்ற நாயின் சிறுநீரிலும் அக்கிருமி வெளிப்படும். மனிதரையும் அது விடுவதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் அதே கால்வாய்தான் ஓடுகிறது. அன்று மாலை என் பேத்தி, வெறுங்காலோடு, முற்றத்தில் வீரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இழுப்பறையைத் திறந்து கடிதங்களை எடுத்தேன்.

மருத்துவர் இளவயதுச் சீனப் பெண்மணி. என்னைக் 'குரு பெசார்' என்றே அழைப்பார். ஊசி அட்டையைப் பார்த்ததும் அவர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நீங்கள் வராமல் இருந்ததில் பாதி சரி, பாதி தவறு" என்றார் அவர்.

டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகிய மூன்றும் நச்சுயிரியால் வருபவை. இவற்றுக்கு உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமியால் ஆன ஊசி போடப்படுகிறது. குட்டிப் பருவத்தில் பதினாறு வாரங்கள் வரையும், பின் ஒருமுறையும் முறையாகப் போட்டால் உடம்பு அப்பாடத்தை எளிதில் மறப்பதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரொனால்ட் ஷுல்ட்ஸ், ஊசி பெற்ற நாய்களுக்கு ஆண்டுகள் கழித்து நோய்க்கிருமியையே செலுத்திப் பார்த்தார். டிஸ்டெம்பரும் பார்வோவும் 7 ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றை வீழ்த்தவில்லை. அப்படியானால் ஆண்டுதோறும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய மருந்துகளை ஓராண்டு வரை சோதித்து, உறையில் ஓராண்டு என்று அச்சிட்டார்கள். ஓராண்டு சோதித்தோம் என்பது ஓராண்டில் தீர்ந்துவிடும் என்பதாக மாறிவிட்டது. வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவனை ஆண்டுதோறும் முதலாம் வகுப்பில் உட்கார வைப்பது போன்றதுதான் இது. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் இப்போது, வளர்ந்த நாய்க்கு இம்மூன்றையும் மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடவேண்டியதில்லை என்கிறது.

எலிச் சிறுநீர் நோயின் கதை வேறு. அது பாக்டீரியா நோய். அதற்குப் போடுவது கொல்லப்பட்ட கிருமியின் ஊசி. அதன் பாதுகாப்பு ஏறத்தாழ ஓராண்டுதான் நிலைக்கும். அந்நோய் நிலவும் நாடுகளில் எல்லா நாய்களுக்கும் அதை ஆண்டுதோறும் போடவேண்டும் என்று அதே சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இத்தனை காலமும் இரண்டு கணக்குகளும் ஒரே குப்பியில் கலந்திருந்தன. நான் ஒன்றுக்கு அஞ்சி இரண்டையும் நிறுத்தியிருந்தேன்.

வயது சாக்கன்று என்று துணைவியார் சொன்னதும் உண்மையாயிற்று. முதுமையில் பழைய பாடம் மறப்பதில்லை. புதிய பாடம் ஏறுவதுதான் கடினம். முன்பு ஊசியே காணாத கிழ நாயைவிட வீரன் நல்ல நிலையில் இருந்தது.

மருத்துவர் குருதி எடுத்துச் சோதித்தார். மூன்று நச்சுயிரிகளுக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்தது. அவ்வூசி வேண்டாம் என முடிவாயிற்று. எலிச் சிறுநீர் நோய்க்கு அத்தகைய குருதிச் சோதனை பயன்படாது என்றார். சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் ஊசிதான்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. அன்று முகம் வீங்கச் செய்தது கலவையில் எந்த மருந்து என்று எவரும் சொல்ல இயலாது. இன்றியமையாததாக நின்ற இந்த ஊசியே அதுவாக இருந்தால்? "பாதி அளவு போடலாமா?" என்று கேட்டேன். கேட்டபின் வெட்கமாக இருந்தது. பாதிப் பாடம் நடத்தலாமா என்று ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மருத்துவர் சிரிக்கவில்லை. ஊசியின் அளவு உடலின் எடையைப் பொறுத்ததன்று, பாதி போட்டால் பாதுகாப்பே உண்டாகாமல் போகலாம் என்றார். அமெரிக்காவில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வையும் சொன்னார். 10,000 நாய்களில் ஏறத்தாழ 38 நாய்களுக்கு ஊசிக்குப்பின் மூன்று நாளுக்குள் ஏதேனும் தீங்கு நேர்ந்ததாம். ஒரே நாளில் போடும் ஊசிகள் கூடக்கூட அவ்வாய்ப்பும் கூடியதாம். ஆகவே, வேறெதனோடும் சேர்க்காமல் இதை மட்டும் போட்டு, மருத்துவமனையிலேயே காத்திருக்கச் சொன்னார். இடைவெளி நீண்டுவிட்டதால் ஒன்று போதாது. சில வாரங்கள் கழித்து இரண்டாவதும் வேண்டும். இழுப்பறையில் பூட்டியதற்கு நான் பெற்ற கூலி அது. ஓர் ஊசிக்கு அஞ்சியவன் இரண்டுக்குக் காத்திருந்தேன்.

வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றியும் கேட்டேன். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் கண்டபோது கெடாவில் வசிக்கும் நாங்களும் வீரனைக் கொண்டுபோய் நிறுத்தியது நினைவிருக்கிறது. 2017இல் சரவாக்கில் அது பரவி மனித உயிர்களையும் பறித்தது. அதன் இடைவெளியை நாய் வளர்ப்பவன் தன் விருப்பம்போல் நீட்டிக்கொள்ள இயலாது. மருந்தின் உரிமமும் அரசாங்கத்தின் விதியுமே அதைக் கட்டுப்படுத்தும்.

"ஊசி இல்லாத ஆண்டிலும் வாருங்கள். இந்த வயதில் நாய்க்கு ஓராண்டு என்பது நீண்ட காலம். பல், இதயம், சிறுநீரகம் பார்க்கவேண்டும்" என்றார் மருத்துவர். ஊசியும் சோதனையும் ஒன்றே என்று எண்ணியிருந்தவனுக்கு அது புதிய செய்தி.

ஊசி போட்டார். வெளியே நீள்பலகையில் அமர்ந்து, வீரனின் மூக்கின்மேல் கைவைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. வீரன் என் செருப்பின்மேல் தலைவைத்துக் குறட்டை விட்டது. மூன்று வாரத்தில் இரண்டாவது ஊசியும் அவ்வாறே கழிந்தது.

பழைய அட்டையில் ஒரே வரிசைதான் இருந்தது. இப்போது மூன்று பத்திகள் கிழித்திருக்கிறேன். நச்சுயிரிக்கு ஒன்று, எலிச் சிறுநீர் நோய்க்கு ஒன்று, உடற்சோதனைக்கு ஒன்று. பேத்தி தன் கையெழுத்தில் அடுத்த தேதிகளை எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். 'வீரன்' என்பதில் வல்லின 'ற' போட்டிருந்தாள். அதை மட்டும் திருத்தினேன்.