சுடுதண்ணிப் போத்தல்

திருகோணமலை உட்துறைமுக வீதியை ஒட்டிய சந்தொன்றில், இரண்டு கதிரை போட்ட சின்னச் சலூன் அது. அறுபதைத் தாண்டிய ஒருவரும் அவருடைய மருமகனும் வேலை செய்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கீமோ மருந்து ஏற்றத் தொடங்கினால் வீட்டுக்காரர் இவர்களைத்தான் தேடி வருகிறார்கள். நடக்க ஏலாதவர்களுக்கு மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுகிறார். குடல் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களின் தலையில் இவர்கள் எப்படிக் கை வைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

நான் இருந்த நேரம் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் தொழிலுக்குப் போகும் ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்து, "மொட்டையா அடிச்சு விடுங்கோ அண்ணை. கொட்ட முதல் நானே எடுத்துடுறன்" என்றார்.

பெரியவர் மெஷினைத் தொடவில்லை. "கிளினிக் கொப்பி வச்சிருக்கிறீங்களோ தம்பி? என்ன மருந்து ஏத்துறாங்கள்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒக்ஸாலிபிளாட்டின். இதுக்கு அநேகமா முழுக்கக் கொட்டாது. மெலியும். இப்ப கட்டையா வெட்டி விடுறன், பிறகு பாப்பம். அடுத்த கிளினிக்கில டொக்டரிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ."

அவர் சொன்னது சரி. புற்றுநோய் என்றாலே மொட்டைத் தலை என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டொக்சோரூபிசின், பக்லிடாக்சல் போன்றவை பெரும்பாலும் முழுத் தலையையும் வழித்துவிடும். குடலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 5-புளோரோயுராசில், கேப்பசிடபின், ஒக்ஸாலிபிளாட்டின் ஆகியவற்றில் முடி மெலிவதே அதிகம். பலருக்கு அதுவும் பிறர் கண்ணுக்குத் தெரியாது. இரினோடீக்கன் சேர்ந்தால் மட்டும் உதிர்வு கூடலாம். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி; அதில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகிற மருந்துக்கு முடியின் வேரும் அகப்படுகிறது. மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் அதன் அளவுதான் வேறு. இதை ஒரு சலூன்காரர் தெரிந்து வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தெரிந்துகொண்டது சொந்த வீட்டில்தான். அவருடைய மூத்த அக்காவுக்குக் குடலில் வந்தபோது, உறவுக்காரர் எல்லாரும் சொன்னார்கள் என்று முதல் மருந்துக்கு முன்பே இடுப்பளவு கூந்தலை இவரே மழித்துவிட்டார். ஒரு மாதத்தில் தலை நிறைய மயிர்க்காம்பு முளைத்து நின்றது. "அக்கா ஒண்டும் சொல்லேல்ல. கண்ணாடியைத் திருப்பி வச்சா" என்று மட்டும் சொன்னார்.

படகுக்காரருக்கு வெட்டத் தொடங்கும் முன், மருமகன் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணியை ஊற்றி, பச்சைத் தண்ணி கலந்து, கையில் விட்டுப் பார்த்து, ஸ்பிரே போத்தலில் நிரப்பினார். ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றியபின் சில நாளைக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த இரும்பைத் தொட்டால் விரல் நுனி ஊசி குத்துவதுபோல் விறைக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். பெரியவர் கத்தரியையும் சீப்பையும் கூட உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே பிடரியில் வைத்தார். ஏசி இல்லாத சலூன், மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மனிதருடைய பெரிய கவலை முடியே அல்ல என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பலநாள் படகில் பிடித்த மீனை ஐஸ் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஐஸ் அள்ளுகிற கைக்கு இந்த மருந்து. "முடி போனாத் தொப்பி போடலாம் அண்ணை. ஐஸைத் தொடாம என்னண்டு தொழிலுக்குப் போறது?" பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. தலையைத் துவாயால் ஒற்றி எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மெலிந்த முடியை வெட்டுவது தனி வேலை. நீளமாக விட்டால் மண்டை தெரியும். கட்டையாக வெட்டினால் உள்ள முடி நிமிர்ந்து நின்று அடர்த்தியாகத் தோன்றும். ஐதாக்கும் பல்லுக் கத்தரியை எடுப்பதே இல்லை. சீப்பை அழுத்தி இழுப்பதில்லை, ஜெல் பூசுவதில்லை. மழித்தே ஆக வேண்டியவர்களுக்குக் கத்தி கிடையாது. மெஷினில் அடித்து நுனி விட்டுவிடுகிறார்கள். மருந்தால் வெள்ளணுவும் குருதித் தட்டுகளும் குறைந்திருக்கும்போது சின்னக் கீறலும் கிருமி புகும் வாசல். இரத்தமும் இலேசில் நிற்காது. படிகாரம், ஆஃப்டர்ஷேவ் இரண்டுக்கும் இடமில்லை. முந்தின தலைமுறையில் ஊரில் காயத்துக்கு மருந்து கட்டியதும் பிள்ளைப்பேறு பார்த்ததும் இந்தத் தொழில் செய்த குடும்பங்கள்தான். அந்தக் கவனம் இவர்கள் கையில் இன்னும் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

பெண்களின் பாடு வேறு. மருமகனின் மனைவி வீட்டிலேயே அழகுக்கலை செய்கிறார். முடி தானம் செய்ய வருகிறவர்களுக்கும் வெட்டிக் கொடுக்கிறார். முதலில் சடையை மேலும் கீழும் இறுக்கிக் கட்டிவிட்டு, மேல் கட்டுக்கு மேலே வெட்டுகிறார். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறிவிடக் கூடாது. முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்காவிட்டால் விக் சிக்குப் பிடித்துவிடும். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டு ஒரு முழு விக் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரே ஆளின் சடை அதற்குக் காணாது.

விக் கேட்டு வரும் குடல் நோயாளிப் பெண்களிடமும் இவர் முதலில் மருந்தின் பேரைத்தான் கேட்கிறார். பலருக்கு வகிடு மாற்றி வாரி, மெல்லிய சவுரி ஒன்று வைத்தாலே போதும். முஸ்லிம் பெண்கள் சிலர், தலையை மூடித்தானே திரிகிறோம் என்று தங்களையே தேற்றிக்கொள்கிறார்களாம். ஆனால் காலையில் சீப்பில் வருகிற முடிக்கு அந்தத் தேறுதல் போதவில்லை என்றார். மொட்டை அடித்த தமிழ்ப் பெண்ணிடம் தெருவில் கேட்கிற முதல் கேள்வி, "கதிர்காமத்து நேர்த்தியோ?" பலர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு எதைச் சொல்வது என்பது அவரவர் உரிமை.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ தெல்லிப்பழையிலோ மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர், ஊர் திரும்பியதும் கதிரையில் உட்காருவது ஏதோ ஒரு சலூனில்தான். அந்தச் சலூன்காரருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு பக்கம் அச்சடித்து நோயாளியின் கிளினிக் கொப்பிக்குள் வைத்து அனுப்பலாம்: இன்ன மருந்து, முடி இவ்வளவு போகலாம், பெரும்பாலும் உதிர்வு இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், மருந்து முடிந்து சில மாதத்தில் திரும்ப வளரும், கத்தி வேண்டாம், குளிர் வேண்டாம்.

பெரியவர் இதையே வேறு விதமாகக் கேட்டார். "பெரியாஸ்பத்திரியில ஒரு நாள் எங்கட ஆக்களைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்தாப் போதும். கடையைப் பூட்டிப்போட்டு வருவம்."