பல்லாவரம் சந்தையில் கத்தி பார்த்தேன்

அஸ்தினாபுரம்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள நண்பா,

மலையேற்றத்துக்கு உறுதியான கத்தி ஒன்று பார்த்து வை என்று எழுதியிருந்தாய். அக்கா வீட்டில் தங்கியிருப்பதால் பல்லாவரம் சந்தைக்குப் போக வசதியாகிவிட்டது. குரோம்பேட்டை வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன்.

வெள்ளிதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிற சந்தை அது. பூச்செடி, பழைய மிக்சி, ஸ்பானர், சுத்தியல் என்று எல்லாம் தரையில் விரிந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே கத்திகளும் உண்டு.

இந்த ஊரில் கத்தி பார்ப்பதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் இதே பல்லாவரத்தில்தான் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் சான்று அது. சில மாதங்களில் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்குள்ளவை பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். அந்த மனிதர்கள் கையில் கிடைத்த கல்லையெல்லாம் செதுக்கவில்லை. உடைத்தால் கூர் விளிம்பு தரும் குவார்ட்சைட் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். உனக்கும் அதையேதான் சொல்வேன்: முதலில் பார்க்க வேண்டியது பொருளின் தரம், அழகு அப்புறம்.

சந்தையில் கண்ணைப் பறித்தவை, முதுகில் ரம்பப் பல் வைத்து, பொள்ளலான பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் அடைத்த கத்திகள். அவற்றை வாங்காதே. விறகைப் பிளக்க ஓங்கித் தட்டினால், தகடும் பிடியும் சேருகிற இடத்தில் ஒடிந்துவிடும். கத்தியின் இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடவேண்டும். இருபுறக் கட்டையும் ஆணியும் ஆடக்கூடாது. மலையில் சீவவும் நறுக்கவும் சுள்ளி பிளக்கவும் 4 அங்குலத் தகடு போதும்.

அடுத்தது எஃகு. கார்பன் எஃகைச் சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காது, தீட்டுவதற்குப் பெரும்பாலும் கூடுதல் பொறுமை வேண்டும். எதுவானாலும் பட்டறையில் அதைப் பதப்படுத்திய விதம்தான் தரத்தை முடிவு செய்யும். செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் எஃகு இறுகும்; அதோடு விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். மறுபடி மிதமாகச் சூடாக்கித் தணித்தால்தான் கூரும் நிற்கும், முறியவும் செய்யாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது என்று கடைக்காரர் சொன்னால், கேட்டுக்கொண்டு விளிம்பில் ஒரு சிறு அரத்தை மெல்ல ஓட்டிப் பார். அரம் வழுக்கினால் நன்றாக இறுகியிருக்கிறது. சுலபமாகத் தேய்ந்து பொடி உதிர்ந்தால் மெத்து.

தினமும் பையில் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி போதும். விரித்தபின் தகடு ஆடாமல் இருக்கிறதா, பூட்டு உறுதியாக விழுகிறதா என்று பார்த்து வாங்கு.

சேகரிக்கும் ஆசையும் உனக்கு உண்டு என்று தெரியும். பழைய கத்தி கிடைத்தால் சாணை பிடித்துப் பளபளப்பாக்கிவிடாதே. அதன் வயதும் வேலைப்பாடும் போய்விடும். உதிரும் துருவை மட்டும் துடைத்து லேசாக எண்ணெய் தடவு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் வேலைப்பாட்டின் அளவுகோல் மனதில் நிற்கும். காட்டில் கற்கருவி போல ஏதாவது தென்பட்டால் எடுத்துவராதே. இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்து.

சட்டத்தையும் மறக்காதே. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல், தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

என் முடிவு இதுதான்: பிடிவரை ஓடும் 4 அங்குலக் கார்பன் எஃகுக் கத்தி, தோல் உறை, ஒரு சாணைக்கல். மழைக்காலத்தில்தான் அதிகம் போவாய் என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கு. பகட்டுக்குக் கொடுக்கும் பணத்தை எஃகுக்குக் கொடு.

அன்புடன்,
உன் நண்பன்